பைபர் இணைப்பில் பேச்சு ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது?

வீட்டிற்கு பைபர் இணைப்பு வாங்கிவிட்டீர்கள். வேகத்தைச் சோதித்தால் சொன்னபடி 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் வெளியூரில் இருக்கும் மகளுடன் வீடியோவில் பேசினால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. காரணம் இதுதான்: வேகம் வேறு, சேவைத் தரம் வேறு.

முதலில் அந்தக் கண்ணாடி இழை எங்கே போகிறது என்று பார்ப்போம். பலரும் நினைப்பது போல அது உங்கள் வீட்டிற்கென்றே தனியாக வருவதில்லை. ஜிபான் என்னும் முறையில், இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற சிறு சாதனம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. இந்த இழையில் நம் பக்கம் வருவது விநாடிக்கு சுமார் 2.5 கிகாபிட். நம்மிடமிருந்து போவது அதில் பாதிதான்.

போகும் பாதையில் இரண்டு வீடுகள் ஒரே சமயத்தில் ஒளியை அனுப்பினால் இரண்டுமே கெட்டுவிடும். ஆகவே, எந்த வீடு எப்போது அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்தின் கருவி விநாடிக்கு 8000 பிரேம்களில் நேரம் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறது. குரலுக்கென நிச்சயமான பங்கு ஒதுக்கும் வசதியும் இதில் உண்டு. ஆனால் அது பொதுவாக அந்த நிறுவனமே தரும் தொலைபேசிக்குத்தான். உங்கள் வாட்ஸ்அப் அழைப்பு மற்ற தகவல்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அந்த வரிசைதான் வில்லன். உங்கள் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கம்ப்யூட்டர் போட்டோக்களை ஏற்றத் தொடங்குகிறது. மோடத்தின் பஃபரில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் தேங்கினால், அது வெளியேற 0.8 விநாடி ஆகும். மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால், ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் காத்திருப்பது போல உங்கள் குரல் காத்திருக்கும். பேச்சு இயல்பாக இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

நீங்களே சோதிக்கலாம். வைபையை விட்டுவிட்டு, கேபிள் மூலம் கம்ப்யூட்டரை இணையுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்குத் தொடர்ந்து ஓடவிட்டு, பெரிய பைல் ஒன்றை அப்லோட் செய்யுங்கள். 20 மில்லி விநாடி போலக் காட்டியது சில நூறுகளுக்கு ஏறினால் கோளாறு வரிசையில்தான்.

ரவுட்டர் செட்டிங்கில் க்யூஓஎஸ் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டிக் செய்தால் மட்டும் போதாது. அப்லோட் அளவை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, நம் உதாரணத்தில் 9 என்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் ரவுட்டரிலேயே நிற்கும். குரலை முன்னால் அனுப்ப ரவுட்டரால் முடியும். எஃப்க்யூ-கோடல் என்ற முறை உங்கள் ரவுட்டரில் இருந்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள். வரிசை நீளாமல் அது தானே பார்த்துக்கொள்ளும்.

ரவுட்டரில் இந்த வசதியே இல்லையா? ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் புரோகிராம்களின் செட்டிங்கில் அப்லோட் வேகத்திற்கு வரம்பு வைக்கலாம். வைத்துவிட்டு, பிங் சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.