ஒரு நாளுக்கு வைகை அணை போதுமா?

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் பெரிய தீம் பார்க் போக ஆசை. கையிருப்பு இடம் தரவில்லை. வைகை அணைப் பூங்காவுக்குப் போனால் பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: ராட்டினமும் நீர்ச்சறுக்கும்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஏமாற்றம்தான், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் அணைக்கு முன்னால் நிறுத்தி, "இது 111 அடி உயரம், 1959-இல் காமராஜர் திறந்து வைத்தது" என்று சொல்லிப் பாருங்கள். நீர் தேக்கும் அளவு 71 அடி. 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். முல்லைப்பெரியாறு தண்ணீரும் இங்கேதான் வந்து சேருகிறது என்றால் மூத்தவன் கட்டாயம் கேள்வி கேட்பான்.

ஆற்றின் இரு கரையிலும் பூங்கா, நடுவே தரைப்பாலம். தண்ணீர் அதிகம் திறந்தால் பாலம் மூழ்கும், அன்று மறுகரைக்குப் போக முடியாது. அதனால் கிளம்புமுன் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். மதகிலிருந்து சீறிவரும் நீரின் சாரல் முகத்தில் தெறிக்கும்போது சின்னது கத்தும் கத்தலை எந்த ராட்டினத்திலும் கேட்க முடியாது! ஆற்றில் மட்டும் யாரையும் இறங்கவிடாதீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஆண்டிபட்டி வரை ரயிலே உண்டு. அங்கிருந்து பஸ், ஆட்டோ. நடை அதிகம், அத்தைக்கு உட்கார ஒரு ஜமுக்காளம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும், அணை மீன் வறுவலை விட்டுவிடாதீர்கள். உச்சி வெயில் தணிந்து மூன்று மணிக்குப் போனால் நல்லது.