வகுப்பறையும் வீதியும்: சீனம் பயின்ற ஓராண்டு

ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழியில் வாழ்வது வேறு. முன்னதற்கு நூலும் ஆசிரியரும் போதும். பின்னதற்குப் பசியும் குளிரும் பயணமும் வேண்டும். 2018 செப்டம்பர் முதல் 2019 சூலை வரை பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் சீனம் பயின்றேன். வெளிநாட்டு மாணவர்க்குச் சீனம் கற்பிப்பதற்கென 1962-இல் தொடங்கப்பெற்ற கல்வி நிலையம் அது. அங்கு நான் கற்றவை, பிறமொழி சூழ வாழும் நம் மாணவர்க்கும் பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை வகுப்பு. நாள்தோறும் சொல்வதெழுதுதல் உண்டு. கொரியர், உருசியர், தாய்லாந்தினர், ஆப்பிரிக்கர் எனப் பல நாட்டார் ஓர் அறையில் இருந்தோம். ஆங்கிலம் எல்லார்க்கும் தெரியாது. ஆகவே, எங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அரைகுறைச் சீனமே பொதுமொழியாயிற்று!

ஒலி

சீன மொழியில் எழுத்தொலி மட்டும் பொருள் தருவதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் பொருள் தருகிறது. 'மா' என்பதை உயர்ந்த குரலில் நீட்டினால் தாய். மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டுதல். 'மாய்' என்பது ஒரு குரலில் வாங்குதல், மற்றொரு குரலில் விற்றல்! ஆயினும் இது நமக்கு முற்றும் புதியதன்று. 'ஏன்?' என்று வியந்து கேட்கையில் நம் குரல் ஏறுகிறது, 'போ!' என்று வெருட்டுகையில் விழுகிறது. நாம் உணர்ச்சிக்குப் பயன்படுத்துவதை அவர்கள் சொற்பொருளுக்கே பயன்படுத்துகிறார்கள். அவ்வளவே.

தமிழர்க்கு உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. மூச்சை அடக்கிச் சொல்லும் பகரமும், மூச்சைத் தள்ளிச் சொல்லும் பகரமும் அங்கு வெவ்வேறு எழுத்துகள். 'தூத்ஸ பாவ்ல' என்று எழுதுகிறேன். தகரத்தையும் பகரத்தையும் மூச்சை அடக்கிச் சொன்னால் 'வயிறு நிறைந்தது' என்று பொருள். மூச்சைத் தள்ளிச் சொன்னால் 'முயல் ஓடிவிட்டது' என்று பொருள்! தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. இந்தி பேசும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிது; அவர்கள் மொழியில் இரண்டும் உண்டு. நமக்கோ, உள்ளங்கையை வாய்முன் வைத்து மூச்சுப் படுகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். மெல்லிய தாள் ஒன்றை உதட்டருகே பிடித்துப் பழகுவதும் நல்ல முறை.

ஈடாக நமக்கொரு செல்வம் இருக்கிறது. நாவை வளைத்து அவர்கள் ஒலிக்கும் ரகரம் நம் ழகரத்துக்கு மிக அண்மையது. பிறநாட்டார் பலர் அதற்குத் திணறுவர். நாம் திணற வேண்டியதில்லை.

உணவுக்கூடம்

சீன எழுத்துகளைக் கண்டு அஞ்சுவோர் உணவுக்கூடத்திற்குச் செல்ல வேண்டும். 2013-இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் முதல் நிலையில் வைக்கப்பெற்றவை 3,500. எண்ணிக்கை மலைக்கத்தான் வைக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற ஓவியங்கள் அல்ல. ஆறு, ஏரி, கடல், மது, குழம்புநீர் ஆகிய ஐந்து எழுத்துகளிலும் இடப்புறம் மூன்று நீர்த்துளிகள் நிற்கும். 'தாய்' என்னும் எழுத்தில் ஒரு பாதி 'பெண்' என்று பொருளைக் காட்டும். மறுபாதி 'குதிரை', 'மா' என்னும் ஒலியைக் காட்டும். மிகப் பல எழுத்துகள் இவ்வாறு பொருட்குறி பாதி, ஒலிக்குறி பாதியாக அமைந்தவையே.

நான் புலால் உண்ணாதவன். ஆதலால் மாடு, ஆடு, கோழி, மீன், இறைச்சி என்னும் எழுத்துகள் எனக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடமாயின. 'வோ ச்சு சூ' - நான் மரக்கறி உண்பவன் - என்னும் மூன்று சொற்கள் ஓராண்டுக் காலம் என்னைக் காத்தன. தேர்வுக்குப் படித்த எழுத்து மறந்தது. பசிக்குப் படித்த எழுத்து மறக்கவில்லை.

அங்கேதான் அளவைச் சொற்களும் வசப்பட்டன. 'ஒரு நூல்' என்று சீனத்தில் சொல்ல இயலாது. இடையே ஓர் அளவைச் சொல் வந்தே தீரும். தாள், பயணச்சீட்டு, மேசை போன்ற தட்டையானவற்றுக்கு ஒரு சொல். மீன், ஆறு, தெரு, காற்சட்டை போன்ற நீண்டவற்றுக்கு வேறொரு சொல். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ, ஒரு கட்டுக் கீரை என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? நாம் சிலவற்றுக்குச் செய்வதை அவர்கள் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள்.

கடையும் உறவும்

எண்ணும் முறையில் ஒரு வேறுபாடு. பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. ஓர் இலட்சம் என்பது 'பத்து வான்'. ஒரு கோடி என்பது 'ஆயிரம் வான்'. கடையில் 'எட்டுத் தள்ளுபடி' என்று எழுதியிருந்தால் நூற்றுக்கு எட்டுக் குறைப்பு என்று கொள்ளற்க; பத்தில் எட்டுப் பங்கு விலை கொடுத்தால் போதும் என்பதே அதன் பொருள்.

உறவுச் சொற்களில் நம் உள்ளம் குளிரும். ஆங்கிலத்தில் உடன்பிறந்தான் என்பதற்கு ஒரே சொல். சீனத்திலோ அண்ணன் 'கக', தம்பி 'தீதி', அக்காள் 'ஜியேஜியே', தங்கை 'மேய்மேய்' என நம்மைப் போல நான்கு சொற்கள். முன்பின் அறியாதவரையும் உறவு முறை வைத்தே அழைப்பர். விடுதிக் காவல் பார்த்த அம்மையாரை நாங்கள் 'ஆயி' என்றோம். சின்னம்மா என்பது போன்ற விளி அது. 'சாப்பிட்டாயா?' என்று நலம் வினவும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

பயணம்

விடுமுறையில் தெற்கே புறப்பட்டேன். கடவுச்சீட்டைக் காட்டியே பயணச்சீட்டு வாங்கினேன். 'கடினப் படுக்கை' வகுப்பில் ஆறு படுக்கைகள் எதிரெதிரே மும்மூன்றாக இருக்கும். அறைக்குக் கதவு இல்லை. பெட்டிதோறும் கொதிநீர்க் குழாய் உண்டு. எந்த நாடு, என்ன வயது, வீட்டில் எத்தனை பேர், திருமணம் ஆயிற்றா என்று நம்மூர்த் தொடர்வண்டியில் கேட்பது போலவே கேட்டனர். அதே கேள்விகளுக்குப் பத்துப் பேரிடம் விடை சொன்னபின் நா தானே தெளிந்தது. பேச்சுத்தேர்வுக்கு அதனினும் சிறந்த பயிற்சி இல்லை.

நான் சென்றது ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்சௌ நகருக்கு. முற்காலத்தில் தமிழ் வணிகர் தங்கிய துறைமுகம் அது. அவ்வூரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, சிவன் திருமேனி நிறுவப்பெற்றதைக் கூறுகிறது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு. அவ்வூர்க் கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத் தூண்களில் திருமால் கதைச் சிற்பங்களைக் கண்டேன். அருகில் நின்ற முதியவர்கள் அவற்றைச் சுட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தனர். 'இது எங்கள் நாட்டுக் கதை' என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். ஐந்து நிமிடம் அமைதியாகக் கேட்டனர். ஓராண்டு உழைப்பின் பயனை அந்த ஐந்து நிமிடத்தில் பெற்றேன்.

அக்கரையோரப் பேச்சில் தேநீருக்குப் பெயர் 'தே'. நம் 'தேயிலை'யில் உள்ள 'தே' அங்கிருந்து கடல்வழி பரவியதே. வடக்கே வழங்கும் 'ச்சா' என்னும் வடிவமோ நம்மிடம் 'சாயா'வாக வந்துள்ளது.

நம்மவர் அறை

இனி, முதன்மையானதொன்று. எங்கள் விடுதியில் நம் நாட்டு மாணவர் கூடிச் சமைக்கும் அறை ஒன்று இருந்தது. மாலையில் அங்கே தாளிக்கும் மணம் எழும். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் ஒலிக்கும். பெய்ஜிங்கின் குளிர்காலத்தில் அவ்வறை பெரிய ஆறுதல். ஆனால் மாலைதோறும் அங்கேயே இருந்த நண்பர் ஒருவர், ஆண்டு முடிவில் 'நன்றி', 'என்ன விலை' என்னும் இரண்டு தொடர்களோடு ஊர் திரும்பினார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர்; வகுப்பில் எங்களுக்கு முன் நின்றவர்.

நான் ஒரு வரையறை செய்துகொண்டேன். சனி, ஞாயிறு நம்மவரோடு. மற்ற மாலைகள் 'யூபான்' என்னும் மொழித்துணையோடு. ஒரு மணி நேரம் அவர் எனக்குச் சீனம் சொல்வார். ஒரு மணி நேரம் நான் அவருக்கு ஆங்கிலம் சொல்வேன். காசு செலவில்லை. ஒருநாள் அவர் தமிழில் ஒரு சொல் கேட்டார். 'தமிழ்' என்றேன். இரண்டாம் முறையிலேயே ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லிவிட்டார்! ஆண்டிறுதியில் எழுதிய தேர்வு நான்காம் நிலை. அப்போது அதற்கு 1,200 சொற்கள் வேண்டியிருந்தன. அவற்றுள் பாதியை வகுப்பறை தந்தது. மறுபாதி அந்த மாலைகள் தந்தவை.

மாணவ நண்பர்களே! நம்மவர் கூட்டத்தை விட்டு ஓடுங்கள் என்று நான் கூறவில்லை. சங்கம் நமக்கு வேண்டும். அது நம் வீடு. ஆனால் வீட்டிற்கு வாயிலும் வேண்டும். இவ்வூரில் உணவு பரிமாறுபவரிடமும், வண்டி ஓட்டுபவரிடமும், அடுத்த அறை மாணவரிடமும் அவர்கள் மொழியில் நாளைக்கு ஒரு சொல்லேனும் பேசுங்கள். பிழையாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.