சிறிய நிறுவனத்துக்கு எரிபொருள் சிக்கன விமானம்: மும்பையிலிருந்து தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலுடன் ஜே.ஆர்.டி. டாடா மும்பை ஜுஹுவில் வந்து இறங்கினார். அவர் ஓட்டி வந்தது ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானம். அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். சில பை தபாலுக்கு அந்தச் சிறு விமானம் போதுமானதாக இருந்தது. செம்பூரில் அலுவலகமும் ஓசூரிலோ கோவையிலோ ஆலையும் வைத்திருக்கும் நிறுவனமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்: வேலை எவ்வளவு, அதற்கு எவ்வளவு பெரிய விமானம் தேவை?

முதல் படி: ஓராண்டுப் பயணங்களை எழுதுங்கள்

விற்பனையாளரைச் சந்திக்கும் முன், கடந்த 12 மாதப் பயணங்களைத் தாளில் எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், அன்றே திரும்பினார்களா? ஆண்டில் ஒருமுறை போகும் துபாய்ப் பயணத்துக்காக விமானம் வாங்காதீர்கள், அதற்கு டிக்கெட் எடுத்தால் போதும். மாதம் நான்கு முறை போகும் ஊருக்கு எது ஏற்றது என்று பாருங்கள். பறக்கும் நேரம் ஆண்டுக்கு 200 மணியைத் தாண்டாவிட்டால் வாடகை விமானமே மேல் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: ஒரே தடத்தில் ஒப்பிடுங்கள்

மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு ஏமாற்றும். வேகமான விமானம் மணிக்கு அதிகம் குடித்தாலும் சீக்கிரம் போய்ச் சேரும். அதனால் தடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். மும்பை–சென்னை வான்வழியில் சுமார் 1,030 கி.மீ. ஒற்றை என்ஜின் டர்போபிராப்பான பிலாட்டஸ் பிசி-12 இரண்டேகால் மணி நேரத்தில் ஏறத்தாழ 500 முதல் 550 லிட்டரில் போய்விடும். இரட்டை என்ஜின் கிங் ஏர் 350-க்கு இரண்டு மணி நேரம், 750 முதல் 800 லிட்டர். ஃபீனம் 300 ஜெட் ஒன்றரை மணி நேரத்தில் 850 முதல் 900 லிட்டர் குடிக்கும். காற்றும் எடையும் இவற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பிசி-12-ஐ விட ஜெட் மிச்சப்படுத்தும் முக்கால் மணி நேரத்துக்கு 350 லிட்டர் விலை கொடுக்கலாமா என்பதை நிர்வாகம் முடிவு செய்யட்டும்.

தடம் குறுகக் குறுக ஜெட் இன்னும் தோற்கும். ஜெட் என்ஜின் சிக்கனமாக ஓடுவது மிக உயரத்தில். நாசிக், கோலாப்பூர் போன்ற ஊர்களுக்கு அந்த உயரத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். மும்பையில் நெரிசல் காரணமாகக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உங்களைத் தாழவே நிறுத்தி வைத்தால் செலவு மேலும் ஏறும்.

இரவில், மழையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேல் ஒற்றை என்ஜினா என்ற தயக்கம் நியாயமானதே. பிசி-12-இன் பிடி6 என்ஜினுக்கு நம்பகத்தன்மையில் நல்ல பெயர் உண்டு. ஆனாலும் ஏறி உட்காருபவர்கள் மனம் ஒப்பாவிட்டால் கிங் ஏரை எடுங்கள். பெட்ரோல் என்ஜின் சிறு விமானங்களுக்கான ஏவிகேஸ் எல்லா நிலையங்களிலும் கிடைக்காது. ஜெட் எரிபொருளான ஏடிஎஃப் குடிக்கும் டயமண்ட் டிஏ62 குறுந்தடங்களுக்குச் சிக்கனமானது, ஆனால் அதில் காற்றழுத்தக் கேபின் இல்லை.

மூன்றாம் படி: காலிப் பயணத்தைக் கணக்கில் சேருங்கள்

பணம் அதிகம் கசிவது இங்கேதான். மும்பை விமான நிலையத்தில் இரண்டு ரன்வேக்கள் குறுக்கே வெட்டிக்கொள்வதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பெரும்பாலும் இயங்கும். நெரிசல் நேரங்களில் சிறு விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நிறுத்த இடமும் அரிது. ஜுஹு இப்போது பெரும்பாலும் ஹெலிகாப்டர்களுக்கானது. ஆகவே விமானம் வேறு ஊரில் நிற்கும், காலையில் ஆளில்லாமல் மும்பைக்கு வரும், இரவில் ஆளில்லாமல் திரும்பும். அந்த லிட்டர்களையும் பயணிகள் தலைக்கு வகுத்துப் பாருங்கள். சிக்கனம் என்று நினைத்த விமானம் அப்படித் தெரியாது. பார்க்கிங்கும் ஹேங்கரும் உறுதியாகும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள். 2025-இல் திறக்கப்பட்ட நவி மும்பை நிலையத்திலும் இடம் கேளுங்கள். செம்பூர்க்காரர்களுக்கு அது தூரமில்லை.

நான்காம் படி: எங்கே நிரப்புவது?

ஏடிஎஃப் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலங்கள் வாட் போடுகின்றன. மகாராஷ்டிரா 2023 பட்ஜெட்டில் மும்பை, புனே, ராய்கட் பகுதிகளுக்கு அதை 25 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. தமிழ்நாட்டில் 29 சதவீதம் வரை போனதுண்டு. அதனால் மும்பையிலேயே திரும்பி வரவும் சேர்த்து நிரப்பிக்கொள்வது லாபமாகலாம். ஆனால் ஒரு லிட்டர் சுமார் 800 கிராம். கூடுதல் எடையைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் பைலட் கணக்குப் போட்டுக் காட்டட்டும். அதற்கு இடம் கொடுக்கும் பெரிய டேங்க் உள்ள விமானத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன்.

ஐந்தாம் படி: மழைக்காலத்துக்கு மிச்சம் வையுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வட்டமடித்துக் காத்திருக்கவும், வேறு நிலையத்துக்குத் திரும்பவும் எரிபொருள் வேண்டும். முழு ஆட்களோடு அதை ஏற்ற முடியாத விமானம் உங்களுக்குச் சிறியது.

ஆறாம் படி: அனுமதியும் வரியும்

சொந்த உபயோகமா, வாடகைக்கும் விடுவீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதியும் இறக்குமதி வரியும் அதைப் பொறுத்து மாறும், வித்தியாசமும் பெரியது. வரி ஆலோசகரை ஒப்பந்தத்துக்கு முன்பே அழையுங்கள்.

ஏழாம் படி: உங்கள் தடத்தில் பறந்து பாருங்கள்

வாங்கும் முன் செய்து காட்டும் பயணத்தை மே மாத மதியத்தில், எல்லா இருக்கைகளையும் நிரப்பி, நீங்கள் அடிக்கடி போகும் ஊருக்கே கேளுங்கள். புறப்படும் முன் டேங்கை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். திரும்பியதும் மீண்டும் முழுதாக நிரப்பும்போது எரிபொருள் லாரியின் ரசீதில் எத்தனை லிட்டர் என்று பார்த்து, விற்பனையாளர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.