பழைய லோரி வாங்கும் முன் கூலண்டைப் பாருங்க

சுங்கை லாலாங், பீடோங் பக்கம் பழைய லோரி வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் தம்பிகளே, புது பெயிண்டைப் பார்த்து மயங்காதீங்க. இயந்திரப் பொறியியல் படிக்கும் நான் முதலில் பார்ப்பது கூலண்டைத்தான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தில், 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்ததும் நீராவியாகப் பாய்ந்து முகத்தை வேகவைத்துவிடும்.

கசிவு என்றால் தரையில் குளம் கட்டும்னு நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படி இருக்காது. தண்ணீர் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்னத் துளை இங்கெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை, பச்சைத் தடம் மட்டும் மிஞ்சும். டார்ச் அடித்துத் தேடுங்கள். எஞ்சினை அன்றைக்குத்தான் பளபளன்னு கழுவி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வெளியே தடமே இல்லை, ஆனா தண்ணி குறையுதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எண்ணெய் மூடியில் மட்டும் கொஞ்சம் நுரை என்றால் வெறும் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் தே தாரிக் நிறம் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பாரத்தோடு குரூண் வரை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, அளவை மறுபடி பாருங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லையா, முன்பணம் கொடுக்காதீங்க.