மரம் வரைய வராத தங்கைக்கு



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பூசை முடிந்து பிரசாதத்தோடு வெளியே வந்தேன். நம் இளையர் அணித் தங்கை ஒருத்தி ஓரமாக நின்றிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, ஆங்கில மொழி படிக்கிறாள். ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் ஆசை.

“அக்கா, சின்டாக்ஸ் பாடத்தை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா?”

“ஓ லெவல்ல இங்கிலீஷ் ஏ1 வாங்கினேன். இப்ப முதல் அசைன்மென்ட்ல பாதி மார்க்குகூட வரல. வாக்கியத்தை மரமா வரையச் சொல்றாங்க. எது எந்தக் கிளைன்னே தெரியல. கிளாஸ்ல நிறைய பேரு வீட்ல இங்கிலீஷ் பேசுறவங்க. எங்க வீட்ல தமிழ்தான். அதான் எனக்கு வரல போல.”

மார்க் குறைந்தது பெரிய விஷயமில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு வலித்தது. அதே பாடத்தில் தடுமாறியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் இந்தப் பாடம்.

“சரியா தப்பா” இல்லை, “ஏன்”

பள்ளியில் இலக்கணம் என்றால் திருத்தம். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். பல்கலைக்கழகத்தில் கேள்வியே வேறு. ஒரு வாக்கியம் ஏன் நிற்கிறது, இன்னொன்று ஏன் விழுகிறது, அதற்குப் பின்னால் என்ன விதி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மொழியியலாக இதைப் படிக்கலாம். நன்றாக ஆங்கிலம் பேசுவது ஒரு திறமை, ஆங்கிலத்தைப் பிரித்துப் பார்ப்பது வேறொரு திறமை. ஏ1 வாங்கியவரும் இதில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவரும் அப்படித்தான்.

ஆன்ட்டியும் குடையும்

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “தி ஆன்ட்டி ஹிட் தி பாய் வித் தி அம்பிரெல்லா.”

குடை யார் கையில்? ஆன்ட்டி குடையால் அடித்திருக்கலாம். அல்லது குடை வைத்திருந்த பையனை அடித்திருக்கலாம். சொற்கள் ஒன்றே, வரிசையும் ஒன்றே, பொருள் மட்டும் இரண்டு. எப்படி? சொற்கள் சேரும் கூட்டம் மாறுகிறது. அந்தக் கூட்டத்தைக் காட்டத்தான் மரம் வரைகிறோம்.

கூட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒரு பகுதியை எடுத்துவிட்டு “ஹிம்” என்று போடுங்கள். “தி ஆன்ட்டி ஹிட் ஹிம்” என்றால் “தி பாய் வித் தி அம்பிரெல்லா” முழுவதும் ஒரே கூட்டமாகப் போய்விட்டது, குடை பையனுடையது. “தி ஆன்ட்டி ஹிட் ஹிம் வித் தி அம்பிரெல்லா” என்றால் “தி பாய்” மட்டும்தான் ஒரு கூட்டம். குடை வினையோடு சேர்ந்துகொண்டது, அடித்தது குடையால். முதலில் சோதனை, பிறகுதான் மரம். தங்கை நேராக மரத்துக்குப் போனாள், அதனால்தான் கிளை பிடிபடவில்லை.

கண்ணாடியில் தெரியும் தமிழ்

இனி, வீட்டில் தமிழ் பேசுவது குறையா என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் “ஆன் தி டேபிள்”, தமிழில் “மேசை மேல்”. ஆங்கிலத்தில் “ஈட் ரைஸ்”, தமிழில் “சோறு சாப்பிடு”. ஆங்கிலத்தில் “தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே”, தமிழில் “நேற்று வந்த பையன்”. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைச்சொல் உண்டு. இந்த மூன்றிலும் ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கிறது, தமிழில் பின்னால் நிற்கிறது. கண்ணாடி பிம்பம் மாதிரி. ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் இதில் நம் பக்கம்தான். ஒரே மொழி தெரிந்தவர் இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு இரண்டு வரிசையும் வாயிலேயே இருக்கிறது.

பலரும் செய்யும் ஒரு பிழையைக்கூட இதை வைத்து விளக்கலாம். “தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் லாங்” என்று எழுதிவிடுகிறோம். சரியானது “இஸ் லாங்”. தலைச்சொல் “லிஸ்ட்”, ஆனால் வினைக்குப் பக்கத்தில் “நேம்ஸ்” வந்து உட்கார்ந்து நம்மை ஏமாற்றுகிறது. தமிழில் “பெயர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது” என்கிறோம். பட்டியல் கடைசியில் வருவதால் ஏமாற இடமே இல்லை. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். “பட்டியல்” எது என்று தெரிந்துவிடும்.

இது நம் வீட்டுப் படிப்பும்தான்

சிவபெருமானின் உடுக்கை ஒலியிலிருந்து 14 மாகேசுவர சூத்திரங்கள் பிறந்தன, அவற்றைக் கொண்டு பாணினி இலக்கணம் செய்தார் என்பது நம் மரபு. அவருடைய அஷ்டாத்யாயீ 8 அத்தியாயங்களில் ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள் கொண்டது. அதில் ஒரு முக்கியக் கொள்கை: பொது விதியும் சிறப்பு விதியும் மோதினால் சிறப்பு விதியே வெல்லும். ஆங்கிலத்தில் “வென்ட்” என்ற தனிச்சொல் இருப்பதால்தான் “கோட்” என்று இறந்தகாலம் வருவதில்லை. இதைக் கிட்டத்தட்ட அதே கொள்கையால்தான் இன்றைய மொழியியலும் விளக்குகிறது.

நோம் சோம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட சிறு நூல்தான் இன்றைய சின்டாக்ஸ் பாடத்துக்கு வழிதிறந்தது. 1965-இல் வந்த நூலின் முன்னுரையில் அவரே பாணினியின் இலக்கணத்தைத் தன் முறையோடு இணைத்துப் பேசுகிறார். நம் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமும் உயர்திணை, அஃறிணையில் தொடங்கி, பெயரும் வினையும் எப்படி இயைய வேண்டும் என்று விதி சொல்கிறது. “இஸ்”, “ஆர்” என்று நாம் தடுமாறுவதும் அதே இயைபில்தான்.

சிங்கிலீஷுக்கும் விதி உண்டு

“ஐ ஈட் ஆல்ரெடி” என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த “ஆல்ரெடி” நம் “சாப்பிட்டாச்சு” போல, காரியம் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. சீன மொழியின் “ல” என்ற சொல்லோடு அதை ஒப்பிட்டு, மொழியியலாளர் பாவ் சிமிங் ஆராய்ந்திருக்கிறார். “லா” என்பதையும் நினைத்த இடத்தில் போட முடியாது, “லா ஐ கோ ஹோம்” என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத் தேர்வுத்தாளில் சிங்கிலீஷ் எழுதிடாதீங்க! எந்த இடத்துக்கு எது என்று தெரிவதும் மொழியறிவுதான்.

எப்படிப் படிப்பது?

ஒன்று, தினமும் ஒரே ஒரு வாக்கியம். எம்ஆர்டி அறிவிப்பு, கடைப் பலகை எதுவானாலும் சரி. அதில் கூட்டங்களைச் சோதித்துப் பிரியுங்கள்.

இரண்டு, அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதித் தலைச்சொல் எங்கே நகர்கிறது என்று பாருங்கள்.

மூன்று, 1,700 பக்கங்களுக்கு மேல் உள்ள பெரிய இலக்கண நூல்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். அவை அகராதி மாதிரி. சந்தேகம் வரும்போது திறந்தால் போதும்.

நான்கு, புரியவில்லை என்றால் விரிவுரையாளரிடம் போய்க் கேளுங்கள். வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றதில்தான் என் ஒரு வருடம் போனது.

பயிற்சி: “தி பிரைஸ் ஆஃப் தி டிக்கெட்ஸ்” என்பதற்குப் பிறகு “ஹேஸ்” வருமா, “ஹேவ்” வருமா? “ஓல்ட் மென் அண்ட் விமன்” என்பதில் வயதானவர்கள் யார் யார்? இரண்டாவதற்கு இரண்டு மரம் வரையுங்கள்.

அன்று ஆலய வாசலில் நின்றே, பிரசாதம் கட்டியிருந்த காகிதத்தின் பின்பக்கம் ஆன்ட்டிக்கும் குடைக்கும் இரண்டு மரம் வரைந்தோம். தங்கை பாடத்தை விடவில்லை. இரண்டாவது அசைன்மென்டில் தேறினாள், அவ்வளவுதான். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. பரீட்சை இனிமேல்தான். ஆனால் போன வாரம் பார்த்தபோது, “அக்கா, கிளாஸ்ல தமிழ் வாக்கியத்துக்கு மரம் வரைஞ்சு காட்டினேன், எல்லாரும் என்கிட்ட கேள்வி கேட்டாங்க” என்றாள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் வரவில்லை என்று இப்போது அவள் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.