ஆகாயத்திலிருந்து அளந்த நெருப்பு ஆறு

கஞ்சி பொங்கி வழிகிறது. என்ன செய்கிறோம்? அடுப்பைத் தணிக்கிறோம். மலையே பொங்கி வழிந்தால்? தணிக்க முடியாது. விலகிப் போகத்தான் முடியும்.

எப்போது போவது? எந்தப் பக்கம் போவது? இதைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றிப் படிப்போம்.

மலை பொங்கியது

பூமிக்குள்ளே கடும் சூடு உண்டு. சில இடங்களில் அங்குள்ள பாறை உருகிக் குழம்பாகிறது. அது நிலத்தைப் பிளந்து வெளியே வரும் இடமே எரிமலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எரிமலைக் குழம்பின் சூடு சுமார் 1,200 டிகிரி!

ஐஸ்லாந்து ஒரு தீவு நாடு. அங்கே எரிமலைகள் அதிகம். 2021 மார்ச் 19 இரவு, ஃபாக்ரதால்ஸ்ஃபியால் என்ற இடத்தில் நிலம் பிளந்தது. பெயர் நீளமானது. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அந்த வட்டாரத்தில் சுமார் 800 ஆண்டுகளாக எரிமலை பொங்கியதே இல்லை.

குழம்பு ஆறாக ஓடியது. எவ்வளவு வருகிறது? எங்கே போகிறது? கயிறு பிடித்து அளக்க முடியுமா? கிட்டே போனால் சுடும். விஷப்புகையும் வரும். அதனால் விஞ்ஞானிகள் விமானத்தில் ஏறினார்கள்.

இரண்டு கண் கணக்கு

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரிகிறதா? விரல் கிட்டே இருந்தால் அதிகமாக மாறும். தூரத்தில் இருந்தால் குறைவாக மாறும்.

விமானத்திலும் இப்படித்தான். ஒரே இடத்தை வேறு வேறு இடங்களிலிருந்து படம் எடுக்கிறார்கள். மேடு கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது. அது படங்களில் அதிகமாக இடம் மாறித் தெரியும். பள்ளம் குறைவாக மாறும். கம்ப்யூட்டர் இதை அளந்து, நிலத்தின் உயரத்தைச் சொல்லிவிடும்.

பழைய உயரத்தைப் புதிய உயரத்திலிருந்து கழித்தால், குழம்பின் கனம் தெரியும். கனத்தைப் பரப்பால் பெருக்கினால், மொத்த அளவு தெரியும். இன்றைய அளவிலிருந்து முன்பு எடுத்த அளவைக் கழித்தால், இடையில் வந்தது எவ்வளவு என்று தெரியும்.

2021 மே மாதத்தில் நொடிக்கு 10 கன மீட்டருக்கும் மேல் குழம்பு வந்தது. 10 கன மீட்டர் என்றால் 10,000 லிட்டர். நொடிக்கு ஒரு பெரிய தண்ணீர் லாரி என்று நினைத்துக் கொள்ளுங்கள்! பொங்கத் தொடங்கி ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில் அது அடங்கியது. சுமார் 15 கோடி கன மீட்டர் குழம்பு வந்திருந்தது. சராசரி கனம் சுமார் 30 மீட்டர். அதாவது பத்து மாடி உயரம்.

கணக்கு காத்த உயிர்

மேடு பள்ளம் தெரிந்தால், குழம்பு எந்த வழியில் இறங்கும் என்று சொல்லலாம். எங்கே மண் கரை போடலாம் என்றும் சொல்லலாம்.

பக்கத்தில் கிரிண்டாவிக் என்று ஓர் ஊர். மீன்பிடிக்கும் ஊர். 2023 நவம்பர் 10 அன்று நிலம் ஓயாமல் அதிர்ந்தது. இரவோடு இரவாக ஊர் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஊரைக் காக்க மண் கரைகள் எழுப்பினார்கள்.

2024 ஜனவரி 14 அன்று நிலம் பிளந்தது. குழம்பின் பெரும்பகுதியைக் கரை திருப்பிவிட்டது. ஆனால் கரைக்கு உள்ளேயே இன்னொரு பிளவு திறந்தது. மூன்று வீடுகள் எரிந்தன. வீடுகளில் யாரும் இல்லை. வீடு போயிற்று, உயிர் பிழைத்தது.

நம் நாட்டில்

அந்தமானில் பாரன் தீவு என்ற எரிமலை இருக்கிறது. அது 1991-இல் பொங்கியது. பிறகும் பலமுறை பொங்கியது. அங்கே மக்கள் வசிப்பதில்லை.

ஆனால் இந்தப் படக் கணக்கு நமக்கும் உதவுகிறது. 2020 முதல் பல மாநிலங்களில், ஸ்வாமித்வா திட்டத்தில் கிராம வீட்டு மனைகளை ட்ரோன் மூலம் படம் எடுத்து அளக்கிறார்கள். உங்கள் ஊரில் அளந்தால், வரைபடத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் மனை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

பயிற்சி

1. குழம்பைக் கிட்டே போய் அளக்க முடியாதது ஏன்?
2. ஒரு வயலின் நீளம் 100 மீட்டர், அகலம் 50 மீட்டர். அதில் 2 மீட்டர் கனத்துக்குக் குழம்பு நிற்கிறது. மொத்தம் எத்தனை கன மீட்டர்?
3. உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த வழியில் இறங்கும்? கூடிப் பேசி, படம் வரையுங்கள்.