குளிர்ச்சியும் கொல்லாமையும்



தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே நல்ல பாடத்தின் இலக்கணம் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தனர். ஆகவே, நம் இல்லங்களில் அனைவரும் அறிந்த ஒரு வழக்கத்திலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் குலத்தார் போற்றிவரும் ஒழுக்கம். அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. துணியை இரட்டையாக மடித்து நீரை வடித்தல் முதற்பகுதி. துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாதவாறு, வடித்த நீரால் அதனை அலசி, அந்த அலம்பு நீரை எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்த்தல் இரண்டாம் பகுதி. முதற்பகுதி நம் உடல்நலத்திற்கும் துணை செய்யும். இரண்டாம் பகுதியோ முற்றிலும் பிற உயிர்களின் பொருட்டே செய்யப்படுவது. அதனை விட்டுவிட்டால் வழக்கம் எஞ்சும், அறம் எஞ்சாது.

இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் குளிர்சாதனப் பெட்டி, அதாவது ஏ.சி., இடம்பெற்றுவிட்டது. சித்திரை வைகாசி வெயிலில் முதியோரும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் படும் துன்பத்தை நோக்கின் அதனைக் குறைகூற இயலாது. ஆயின், அப்பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் வாயுவைப் பற்றியும் நமக்கு இரண்டு கடமைகள் உள்ளன. குற்றம் குறைந்த வாயுவைத் தேர்ந்தெடுத்தல் ஒன்று. அது வெளியேறாமல் காத்து, இறுதியில் முறைப்படி ஒப்படைத்தல் மற்றொன்று. முன்னதைப் பற்றி விளம்பரங்கள் பேசுகின்றன. பின்னதைப் பற்றிப் பேசுவார் அரியர். இப்பாடம் அவ்விரண்டையும் பற்றியது.

பெட்டிக்குள் நிகழ்வது என்ன?

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏ.சி.யின் தத்துவமும் இதுவே. அறைக்குள் இருக்கும் காயிலில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. வெளியே உள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி, வெளிக்காயிலில் தன் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகி உள்ளே திரும்புகிறது. இவ்வாறு சுழலும் பொருளைத்தான் மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்பர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். பானை நீர் ஆவியாகிக் குறைந்துவிடும். ஏ.சி. வாயுவோ மூடிய குழாய்க்குள் சுழல்வதால் குறைவதில்லை, தேய்வதும் இல்லை. ‘ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும்’ என்பது தவறான நம்பிக்கை. வாயு குறைந்திருக்கிறது என்றால், எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள்.

வாயுக்களின் வரலாறு

தொடக்கக் காலக் குளிர்பதனக் கருவிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. அவை கசிந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்கு மாற்றாக 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜிலியும் அவர் குழுவினரும் குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் வகையைக் கண்டனர். அது எரியாது, நஞ்சும் அன்று. எனவே உலகம் அதனை வரவேற்றது.

ஆனால், 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு அறிவியலார், இவ்வாயு மேல்வளி மண்டலத்தை அடைந்து, அங்கே சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என எடுத்துரைத்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. அதன் பயனாக ஓசோன் படலம் இன்று மெல்ல மீண்டு வருகிறது. மனிதர் தம் தவற்றை உணர்ந்து ஒன்றுகூடித் திருத்திக்கொண்டதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

நம் வீட்டு ஏ.சி.களில் நெடுங்காலம் இருந்தது ஆர்-22. அது ஓசோனுக்குச் செய்யும் தீங்கு சிறிது, எனினும் தீங்கே. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தீண்டாது. ஆயினும் இரண்டும் புவியை வெப்பமாக்குவதில் வல்லவை. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-22, 1810 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாகும். ஒரு கிலோ ஆர்-410ஏ, 2088 கிலோவுக்கு ஒப்பாகும்.

இதனால் 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. ஆர்-410ஏ போன்றவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன. இந்தியா 2021-இல் இத்திருத்தத்தை ஏற்றது. 2032-இல் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைப்பது நம் நாட்டின் உறுதி. ஆர்-22 வாயுவை நிரப்பிப் புதிய கருவிகளைச் செய்வதும் 2024 இறுதியோடு நம் நாட்டில் முடிவுக்கு வந்துவிட்டது.

இப்போது கடைகளில் பெரிதும் காண்பது ஆர்-32. அதன் வெப்பமாக்கும் திறன் 675. ஆர்-410ஏ-யின் மூன்றில் ஒரு பங்களவே அது. மற்றொன்று ஆர்-290, அதாவது புரொப்பேன். நம் சமையல் எரிவாயுவில் உள்ள பொருள்தான் இது. இதன் வெப்பமாக்கும் திறன் 3 அல்லது அதற்கும் குறைவு.

ஒரு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லத்தில் பழைய ஆர்-22 பெட்டியை மாற்ற நேர்ந்தது. வந்த பணியாளர் மொட்டை மாடியில் குழாயின் இணைப்பைத் திருகிவிட்டார். ‘ஸ்’ என்ற ஓசை சிறிது நேரம் கேட்டது. “என்ன தம்பி அது?” என்றேன். “ஒன்றுமில்லை அம்மா, பழைய கேஸ்தான். காற்றோடு போய்விடும்” என்றார். நானும் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். மாலையில் பொழுது சாயுமுன் உணவு முடித்து, அன்றைய நாள் நன்றே கழிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சிறிது நேரத்தில் வெளியேறியது எவ்வளவு? ஒரு கிலோ என்றே கொள்வோம். அது 1810 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். 1810-ஐ 2.3-ஆல் வகுத்தால் ஈவு ஏறத்தாழ 787. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டி, 787 லிட்டரில் 39,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நான் மோர் கலக்கிக்கொண்டிருந்த வேளையில், ஒரு வண்டி பல ஆண்டுகள் ஓடிக் கக்கும் புகைக்கு நிகரான தீங்கு என் வீட்டு மாடியிலிருந்து விண்ணில் கலந்துவிட்டது.

இதே கணக்கை மற்ற வாயுக்களுக்கும் போட்டுப் பாருங்கள். 900 கிராம் ஆர்-32 முழுதும் கசிந்தால் 607 கிலோ. 350 கிராம் ஆர்-290 கசிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே. வாயுவின் தேர்வு எத்துணை வேறுபாட்டைத் தருகிறது என்பதும், எவ்வாயுவும் குழாய்க்குள் அடங்கியிருக்கும் வரை இக்குற்றத்தைச் செய்வதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

அறநூல் நோக்கில்

ஸமந்தபத்ராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையோ அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பையோ பயின்றோர் ‘அனர்த்த தண்ட விரதம்’ என்னும் குணவிரதத்தை அறிவர். பயனின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையே அது. அதனுள் ‘பிரமாதசரியை’ என ஒன்று கூறப்படுகிறது. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடி கொடிகளைக் கொய்தல் ஆகியன அதன்பாற்படும். நிலம், நீர், தீ, காற்று, பயிர் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களிடத்தும் விழிப்போடு ஒழுக வேண்டும் என்பது இதன் உட்கருத்து.

முதியவர் ஒருவரின் இன்னலைத் தணிக்க ஏ.சி.யை இயக்குவது ஒரு பயன் கருதியது. பழைய வாயுவைத் திறந்துவிடுவதால் யாருக்கு என்ன பயன்? ஒருவருக்கும் இல்லை. பத்து நிமிட உழைப்பு மிச்சம், அவ்வளவே. எனவே இது பயனில் தீங்கு, தெளிவான பிரமாதசரியை. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, கழிப்பனவற்றைக் கூட உயிர்களற்ற இடம் நோக்கிக் கழித்தல். இல்லறத்தார் தம் அளவிற்கு அதனைப் பின்பற்றுவராயின், ஒரு பொருளை வாங்கும்போதே அது எவ்வாறு கழிக்கப்படும் என எண்ணுவர்.

செய்யத்தக்கவை

1. நன்றாக இயங்கும் பழைய பெட்டியை வாயுவின் பொருட்டு மட்டும் தூக்கி எறிதல் வேண்டா. கசிவின்றிக் காத்து, அதன் ஆயுள் வரை பயன்படுத்துக.

2. பழைய பெட்டியில் புதுவாயுவை நிரப்ப ஒருபோதும் இசையாதீர். அழுத்தமும் எண்ணெயும் வேறுபடும். ஆர்-32 சிறிதளவும் ஆர்-290 எளிதிலும் தீப்பற்றக்கூடியவை. அவற்றுக்கென அமைக்கப்பட்ட பெட்டியில்தான் அவை இருக்க வேண்டும்.

3. புதிதாக வாங்கும்போது, பெட்டியின் மீதுள்ள விவரத் தகட்டில் வாயுவின் பெயரைக் காண்க. ஆர்-290 கிடைத்து, அதில் பயிற்சி பெற்ற பணியாளரும் அமைந்தால் அதுவே சிறந்தது. இல்லையேல் ஆர்-32 கொள்க. ஆர்-290-க்கு அறையின் பரப்பிற்கேற்ப அளவு வரம்பு உண்டு. அதில் சமையல் எரிவாயுவில் கலக்கும் மணம் இராது. ஆகவே, நிறுவனம் குறிக்கும் இடத்தில் மட்டும் பொருத்துக. பழுது பார்க்கும் இடத்தில் தீச்சுடர் கூடாது.

4. பொருத்தும் நாளில் அருகில் இருந்து காண்க. குழாயிலுள்ள காற்றை வாக்குவம் பம்ப் கொண்டு அகற்ற வேண்டும். வாயுவையே திறந்துவிட்டு வெளித்தள்ளுதல் முறையன்று.

5. குளிர்ச்சி குறைந்தால் முதலில் வடிதகட்டைக் கழுவிப் பாருங்கள். கசிவெனில், நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவிடத்தைக் கண்டு அடைத்த பின்னரே, எடை பார்த்து வாயு நிரப்பச் சொல்லுங்கள். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பார் உண்டோ?

6. பெட்டியைக் கழற்றுமுன், வாயுவை உருளையில் மீட்டெடுக்கும் கருவி உள்ளதா எனக் கேட்டு, உள்ளவரையே அழையுங்கள். கழித்த பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பியுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற நிறுவனத்திற்கும் இதில் பொறுப்பை வைத்துள்ளன.

7. வாயு பாதிப் பாடமே. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும். 24 டிகிரியோ அதற்கு மேலோ வைத்து, மின்விசிறியையும் சுழலவிடுங்கள். மேற்குச் சன்னலுக்குத் திரையிடுங்கள். போகப் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் நம் நோன்பிற்கும் இது உகந்ததே.

இளஞ்சிறார் சிந்திக்க

அ. உங்கள் வீட்டு ஏ.சி.யிலும் குளிர்பதனப் பெட்டியிலும் உள்ள வாயுக்கள் யாவை? விவரத் தகட்டைப் படித்து எழுதுக.

ஆ. 800 கிராம் ஆர்-410ஏ கசிந்தால், அது எத்தனை கிலோ கரியமில வாயுவுக்கு நிகர்?

இ. வடிதுணியை அலசி நீர்நிலையில் சேர்ப்பதற்கும், பழைய வாயுவை உருளையில் மீட்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுதும் குழந்தை, இப்பாடத்தை முழுதும் உணர்ந்த குழந்தை.

அன்று என் வீட்டு மாடியில் நிகழ்ந்ததை நான் அறியாமையால் பொறுத்தேன். அறிந்த பின்னர், பிரதிக்கிரமணத்தின்போது அந்த ஓசை என் நினைவில் எழாத நாள் இல்லை. போன வாயுவை மீட்க என்னால் இயலாது. ஆனால், அடுத்த முறை ஒரு தம்பி நம் வீட்டு மாடியில் திருகுமுடுக்கியைக் கையில் எடுக்கும்போது, “சற்றுப் பொறு அப்பா, உருளை கொண்டுவந்தாயா?” என்று கேட்க நம் ஒவ்வொருவராலும் இயலும். அவர் கொண்டுவரும் வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும். மோரை மட்டும் அதற்கு முன்னரே கொடுத்துவிடலாம்.

வாழ்க ஜிநதருமம்! வாழ்க எல்லா உயிர்களும்!